பாட்டரியின் கணக்கைப் படிப்போம்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



செயலாளர் என்னைப் பேசச் சொன்ன விஷயம் சம்பளமும் அல்ல, போனசும் அல்ல. ஓய்வு பெற்று லயத்தை விட்டுப் போய், மின்கம்பி எட்டாத நிலத்தில் வீடு போட்டிருக்கும் நம்மவர் சிலர், கூரையில் சூரியத் தகடு வைத்துப் பாட்டரியில் விளக்கெரிக்கிறார்கள். படகுக்காரர்களிடமும், வெளிநாடுகளில் வண்டியையே வீடாக்கி ஊர் சுற்றுகிறவர்களிடமும் இதே ஏற்பாடுதான். பாட்டரி எவ்வளவு மிச்சம் என்று காட்ட மானிட்டர் என்ற சிறு கருவியும் இருக்கிறது. அது 80 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே நடுராத்திரியில் வீடு இருண்டு போகிறது. இன்சுலின் வைத்திருக்கும் குளிர்பெட்டியும் நின்று போகிறது. கடைக்காரரிடம் போனால், "நீங்கள்தான் அளவுக்கு மேல் செலவு செய்துவிட்டீர்கள்" என்று பழியை நம் தலையிலேயே போடுகிறார். கணக்குத் தெரிந்தவன் அதற்குப் பதில் சொல்வான். தெரியாதவன் இன்னொரு பாட்டரிக்குப் பணம் கட்டுவான்.

முதலில் வோல்ட்டைப் பார்ப்போம். 12 வோல்ட் ஈயப் பாட்டரி நிறைந்து, சில மணி நேரம் சும்மா கிடந்தால் சுமார் 12.7 காட்டும். பாதி தீர்ந்தால் 12.2, 11.8-க்கு வந்தால் காலி என்றே கொள்ளலாம். ஆனால் இது ஓய்வில் இருக்கும் பாட்டரிக்கு மட்டுமே பொருந்தும். வெயிலில் தகடு மின்சாரம் ஊட்டும்போது 14 காட்டும். விசிறி ஓடும்போது இறங்கிக் காட்டும். ஓடி வந்தவனின் நாடியைப் பிடித்துக் காய்ச்சல் என்று சொல்லலாமா?

மூடி திறக்கும் பாட்டரியாக இருந்தால் திராவகத்தில் மிதவைக் குழாயை விட்டும் பார்க்கலாம். நம் மெட்ரோலாக்குக்கு அது சகோதரன். ஆனால் வேலை தலைகீழ்: பாலில் ரப்பர் அதிகமானால் மெட்ரோலாக் அமிழும், பாட்டரி நிறைந்தால் திராவகம் கனத்து மிதவை மேலே எழும்பும்.

மானிட்டர் செய்வது வேறு. அது ஒரு கிராணி, வரவு செலவு எழுதுகிறது. பாட்டரியின் நெகட்டிவ் கம்பியில் 'ஷண்ட்' என்ற உலோகத் துண்டைப் பொருத்துகிறார்கள். அதன் வழியே ஓடும் மின்சாரத்தை ஆம்பியரில் அளந்து, நேரத்தோடு பெருக்கி, ஆம்பியர்-மணி என்று கூட்டியும் கழித்தும் வருகிறது. ஆகவே எல்லா நெகட்டிவ் கம்பிகளும் ஷண்டைத் தாண்டியே பாட்டரிக்குப் போக வேண்டும். ஒரே ஒரு பம்பின் கம்பியை நேரே பாட்டரியில் மாட்டிவிட்டாலும் அந்தச் செலவு ஏட்டில் ஏறாது. செக்ரோலில் பெயர் விழாத ஆளின் உழைப்பு எந்தக் கதியோ அதே கதிதான். போய்ப் பார்க்க வேண்டிய முதல் இடம் இதுதான்.

அடுத்தது, நாம் எழுதிக் கொடுக்கும் கொள்ளளவு. பெட்டியில் 100 ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தால், பெரும்பாலும் 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் தரும் என்பதே பொருள். 50 ஆம்பியர் இழுத்தால் 2 மணி நேரம் தராது. இந்தக் குறைவுக்கு 1897-ல் ஜெர்மானியரான பொய்க்கர்ட் ஒரு விதி வகுத்தார். நல்ல மானிட்டர் அதையும் சேர்த்தே கணக்கிடும். 500 வாட் சோற்றுப் பானையை இன்வெர்ட்டரில் போட்டால் 45 ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும் என்பதைத் தாய்மார்கள் நினைவில் வைக்க வேண்டும். கருவி காட்டும் 'மீதி நேரம்' அந்த நிமிஷத்துச் செலவை வைத்துச் சொல்வது. பானையைப் போட்டதும் இருபது மணி இரண்டாகச் சுருங்கினால் பயப்பட வேண்டாம்.

ஊட்டியதெல்லாம் திரும்பி வருவதும் இல்லை. ஈயப் பாட்டரியில் ஒரு பகுதி வீணாகும். இதைக் கருவியில் சரியாகக் குறிக்காவிட்டால் தினம் சிறிது பொய்க் கணக்கு சேரும். பாட்டரி நிறையும்போதுதான் கருவி கணக்கை நேர் செய்து 100 என்று எழுதிக்கொள்கிறது. வோல்ட் உயர்ந்து நிற்க, உள்ளே போகும் மின்சாரம் சிறு அளவுக்கு இறங்கினால் 'நிறைந்தது' என்று அதற்குப் பொருள். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நிறையாவிட்டால் பொய் சேர்ந்துகொண்டே போகும். நிர்ணயித்த வோல்ட் மிகத் தாழ்வாக இருந்தால் இன்னொரு தொல்லை: மேகம் மறைத்து மின்சாரம் குறைந்ததும், நிறைந்துவிட்டது என்று ஏமாந்து 100-க்குத் தாவிவிடும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரியில் வோல்ட் பெரும்பகுதி நேரம் 13.2-ஐ ஒட்டியே நிற்கும். அங்கே ஏட்டுக் கணக்கைத் தவிர வேறு வழியில்லை. காலியானால் உள்ளிருக்கும் காவல் சுற்று பட்டென்று அறுத்துவிடும்.

ஈயப் பாட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும். குறைசார்ஜில் நாள்கணக்கில் விட்டால் தகட்டில் ஈய உப்பு இறுகிப்போகும். அப்படி மூன்று வருஷம் பட்ட 100, இன்று 60-ஆக இருக்கலாம். மானிட்டருக்கோ அது தெரியாது. நாம் எழுதிக் கொடுத்த 100-ஐ வைத்தே கணக்குப் போடும். இரவில் இருண்ட வீடுகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

சோதிப்பது எளிது. பாட்டரியை முழுதாக நிறைத்து, சூரியத் தகட்டைப் பிரித்து, 60 வாட் விளக்கை ஆறு மணி நேரம் எரியுங்கள். அது 5 ஆம்பியர் வீதம் 30 ஆம்பியர்-மணி. பிறகு எல்லாவற்றையும் அணைத்து, சில மணி நேரம் விட்டு வோல்ட்டைப் பாருங்கள். 12.2-க்கு வந்துவிட்டால் 30-லேயே பாதி போய்விட்டது. உங்கள் பாட்டரி 60 தான். கருவியில் 100-ஐ அழித்து 60 என்று எழுதுங்கள். புதிதாக வாங்கிய பாட்டரியே இப்படிக் காட்டினால், கணக்கைத் தாளில் தேதியோடு எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். துணைக்கு ஆள் வேண்டுமானால் நானும் வருகிறேன்.