இசை கற்க வயது ஏது?

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பரிசு வாங்கிய பிள்ளைகளைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டார்கள். நான் பெற்றோரிடம் கொஞ்சம் பேசுகிறேன். "படி, படி" என்று பிள்ளையிடம் தினமும் சொல்கிறோம். நாம் ஏதாவது கற்றுக்கொள்வதைப் பிள்ளை பார்த்திருக்கிறதா?

"எங்களுக்கு வயசாயிடுச்சு சார். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பீர்கள். இசையை வைத்தே இதற்குப் பதில் சொல்கிறேன்.

ஆபிரகாம் பண்டிதர் என்று ஒரு பெரியவர். 1859-ல் தென்காசிக்கு அருகே சாம்பவர் வடகரையில் பிறந்தவர். எங்களைப் போலப் பயிற்சி பெற்ற பள்ளி ஆசிரியர்தான். திண்டுக்கல்லில் இருந்த காலத்தில் சடையாண்டிப் பத்தர் என்பவரிடம் முறையாகப் பிடில் கற்றார். பிறகு தஞ்சாவூரில் சித்த வைத்தியராகப் பெயர் பெற்றார். இசையை மட்டும் விடவில்லை. 1912-ல் தஞ்சையில் இசை மாநாடு கூட்டினார். 1916-ல் பரோடா மாநாட்டில் தம் ஆராய்ச்சியை எடுத்துச் சொன்னபோது, அவர் வீட்டுப் பெண்களே வீணையில் வாசித்துக் காட்டினார்கள். 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரும் இசைநூலை வெளியிட்டார். அவர் கற்றது அவரோடு நிற்கவில்லை, வீடே கற்றுக்கொண்டது.

முறையாகக் கற்பது என்றால் என்ன? சினிமாப் பாட்டைக் கேட்டுக் கேட்டு ஆர்மோனியத்தில் தட்டுவது வேறு. குருவிடம் உட்கார்ந்து, மாயாமாளவகௌளை இராகத்தில் சரளி வரிசையிலிருந்து தொடங்குவது வேறு. இந்த வரிசையை வகுத்தவர் புரந்தரதாசர் என்பார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கும் நாற்பது வயதுக்காரருக்கும் அதே பாடந்தான். குறுக்கு வழி கிடையாது.

சிரமம் உண்டு. பிடில் வாசிக்கத் தரையில் சம்மணம் போட்டு, வலது காலின் மேல் அதன் தலைப்பக்கத்தை வைத்துக்கொள்ள வேண்டும், முழங்கால் வலிக்கும். ஆர்மோனியத்தில் கட்டையை அமுக்கினால் ஸ்வரம் வந்துவிடும். பிடிலில் விரல் இம்மி நகர்ந்தாலும் அபஸ்வரம். பக்கத்து வீட்டுக்காரர் சன்னலைச் சாத்துவார்!

ஆனால் பால்மரம் வெட்டிய கைகளுக்கு இது புதிதா? உளி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். மேலாகப் போனால் பால் வராது. அந்த அளவை எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள்? இருட்டில் நெற்றி விளக்கோடு நின்று தினமும் வெட்டி வெட்டிக் கை கற்றுக்கொண்டது. வில்லும் அப்படித்தான். அழுத்தினால் கரகரக்கும், தூக்கினால் ஓசை வராது.

பிள்ளையின் விரல் சீக்கிரம் வளையும், உண்மைதான். பெரியவர்களுக்குப் பொறுமை உண்டு. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் வாசிப்பதைவிடத் தினமும் அரைமணி நேரம் மேல். நம்மைத் தடுப்பது விரல் அல்ல. சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ச ரி க ம சொல்ல வருகிற வெட்கம்.

அந்த வெட்கத்தால் நட்டம் நமக்குத்தான். செண்டாயான் பக்கம் பால்மரம் நின்ற நிலத்தில் இன்று பண்டார் ஸ்ரீ செண்டாயான் எழுந்திருக்கிறது. நம் ஜனங்கள் ஆளுக்கொரு தாமானாகப் பிரிந்துவிட்டார்கள். பஜனையில் ஆர்மோனியமும் மிருதங்கமும் வாசித்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போகிறார்கள். அந்த இடத்தில் ஒலிபெருக்கி வந்து உட்காருகிறது. பிள்ளைகள் வளரட்டும் என்று காத்திருந்தால், அதுவரை சொல்லிக்கொடுக்க ஆள் இருக்குமா? நடுவில் நிற்கிற நாம்தான் வாங்கிப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும்.

கோலாலம்பூரில் 1981-ல் சுவாமி சாந்தானந்தர் தோற்றுவித்த டெம்பள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், கோயிலில் வாசிக்கிற பெரியவரிடமே வெற்றிலை பாக்குப் பழத்தட்டோடு போய் நில்லுங்கள். மனம் குளிர்ந்து சொல்லிக்கொடுப்பார்.

மாணவச் செல்வங்களே, வீட்டில் அப்பாவோ அம்மாவோ தட்டுத்தடுமாறி வாசித்தால் சிரிக்காதீர்கள். நீங்கள் கோணல் மாணலாக 'அ' எழுதியபோது அவர்கள் பூரித்துப் போனார்களே தவிர, கேலி செய்யவில்லை.