மூலம் தொலைந்த படம்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கவிதை பேசும் அவையில் ஒளிப்பட அச்சைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். என் தாயாருக்கு இருந்தது ஒரே ஒரு படம். அதை எடுத்த ஸ்டுடியோ மூடப்பட்டபோது நெகட்டிவும் போயிற்று. எஞ்சியது உள்ளங்கை அளவு அச்சு. அதுவும் ஆண்டுக்கு ஆண்டு மங்கி வந்தது. மூலம் தொலைந்த படத்துக்கு மீண்டும் ஒரு மூலம் செய்ய இயலுமா? அந்தக் கேள்வியே என்னை இக்கலையிடம் கொண்டு சேர்த்தது.

நெகட்டிவை உணர்வுத்தாளின் மீது நேரே படியவைத்து, வெயிலில் காட்டி, அதே அளவில் அச்செடுப்பது பழைய முறை. சென்னை அரசாங்கத்தின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படம் பிடித்தார். பெரும்பாலும் மெழுகூட்டிய காகிதமே அவருக்கு நெகட்டிவ். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 அச்சுகளை இணைத்து, 19 அடிக்கு மேல் நீளும் ஒரே படமாக்கினார். ஓரிரு ஆண்டுகளில் செலவைக் காரணம் காட்டி அரசு அப்பணியை நிறுத்திவிட்டது. ஆயினும் அப்படங்கள் நிலைத்தன.

நான் கைக்கொண்டது சயனோடைப் என்னும் நீல அச்சு. 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டது. இரு இரும்பு உப்புக் கரைசல்களைக் கலந்து தாளில் பூசி, இருட்டில் உலர்த்தி, வெயிலில் காட்டி, வெறும் நீரில் அலசினால் நீலப் படம் எழும். தொழிற்சாலைகளில் உழைத்த நம் பகுதி மூத்தோர் அறிந்த ‘புளூ பிரிண்ட்’ என்ற சொல்லின் பிறப்பிடம் இதுவே.

இத்தாள் புற ஊதாக் கதிருக்கே இணங்கும், அதுவும் மெதுவாக. உருப்பெருக்கியின் விளக்கு இதற்குப் போதாது. எனவே அச்சு எவ்வளவு பெரிதோ, நெகட்டிவும் அவ்வளவு பெரிதாக வேண்டும். 1990களில் அமெரிக்கரான டான் பர்கோல்டர் கணினியால் அத்தகைய நெகட்டிவ் செய்யும் வழியை நூலாக எழுதினார். இன்று இங்க்ஜெட் அச்சுப்பொறியும் மை ஏற்கும் தெளிந்த பிலிமும் இருந்தால் போதும்.

போதும் என்று எண்ணியது என் அறியாமை. அம்மாவின் படத்தை ஸ்கேன் செய்து, ஒளி நிழலைத் தலைகீழாக்கி, பிலிமில் அச்சிட்டு வெயிலில் வைத்தேன். கண்ணுக்குக் கறுப்பாய்த் தெரிந்த மை புற ஊதாக் கதிருக்கு வழிவிட்டது. வெண்மையாக வரவேண்டிய நெற்றி நீலம் பூத்தது. அது மட்டுமன்று, வலப்பக்க மூக்குத்தி இடப்பக்கம் போயிருந்தது! மை படிந்த பக்கம் தாளைத் தொட வேண்டும். ஆகவே அச்சிடுமுன் படத்தை இடவலம் மாற்றியிருக்க வேண்டும். அதை மறந்தேன். தாயின் முகத்தையே தவறாக எழுதிவிட்டேன்.

பிறகு பொறுமை கற்றேன். முதலில் வெறும் பிலிமை வைத்து, ஆழ்ந்த நீலம் எழ எத்தனை நிமிடம் என்று அறிந்தேன். அடுத்து, வெளுப்பிலிருந்து கருமை வரை படிப்படியான பட்டையை அச்சிட்டு, எந்தப் படிகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன என்று குறித்தேன். அதற்கேற்ப மையின் அடர்த்தியையும் படத்தின் சாயல்களையும் கணினியில் திருத்தினேன். மை மாறினால், தாள் மாறினால், மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். திரையில் அழகாகத் தெரியும் நெகட்டிவ் நல்ல நெகட்டிவ் ஆகாது. அந்தத் தாளுக்கும் அந்த வெயிலுக்கும் பொருந்துவதே நல்லது.

ஒரு நண்பகலில், அலசும் தட்டில் அம்மாவின் முகம் எழுந்தது. மூக்குத்தி தன் இடத்தில் இருந்தது. ஆனால் புடவைக்கரையின் வேலைப்பாடு வரவில்லை. பழைய அச்சிலேயே அது மறைந்திருந்ததை அன்றுதான் உணர்ந்தேன். புதிய மூலம் இழந்ததை மீட்டுத் தராது. இனி இழக்காமல் காக்கும். பத்தாண்டு முன்னர் செய்திருந்தால் அந்தக் கரையும் கிடைத்திருக்கும்.

கவிஞர் பெருமக்களே, இம்மேடையில் வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட தாள்கள் எத்தனை! அவற்றைத் தேடி எடுங்கள். படி எடுத்து வட்டத்திடம் கொடுங்கள். எழுத்து மங்குமுன் செய்யுங்கள். இவ்வளவே என் வேண்டுகோள்.