முதியோர் மருத்துவமும் மாணவர் பயிற்சியும்

 

முதுகுன்றம் என்பது இவ்வூரின் பழம்பெயர். முதுமையைப் பெயரிலேயே தாங்கிய ஊரில் முதியோர் மருத்துவம் பற்றிப் பேசுவது பொருத்தமுடையதே. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது. கூலி வேலை செய்வோர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அக்கதவு சற்றே திறந்திருக்கிறது. உள்ளே சென்றவர்கள் எவ்வாறு கற்க வேண்டும் என்பதே நம் முன் உள்ள வினா.

1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர்க்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவை மருத்துவர் வி. எஸ். நடராசன் தொடங்கினார். 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவப் பட்டமேற்படிப்பு தோன்றியது. 2024இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. ஆயினும் சிற்றூர் முதியவர் முதலில் சந்திப்பது சிறப்பு வல்லுநரை அன்று, பொது மருத்துவரையே. ஆகவே ஒவ்வொரு மருத்துவ மாணவரும் முதியோரை அறிந்திருத்தல் வேண்டும்.

அதற்கு ஏற்ற வழி, சிக்கலை முன்வைத்துக் கற்பிக்கும் முறை. 1969இல் கனடா நாட்டின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் இதனை மருத்துவக் கல்வியில் கையாளத் தொடங்கியது. இம்முறையில் ஆசிரியர் முதலில் விரிவுரை ஆற்றுவதில்லை. ஏழெட்டு மாணவர் கொண்ட குழுவின்முன் ஒரு நோயாளியின் நிலையை வைப்பார். தாம் அறிந்தவை எவை, அறிய வேண்டியவை எவை என மாணவரே வகுத்து, தேடிக் கற்று, மீண்டும் கூடி ஆராய்வர்.

எடுத்துக்காட்டாக ஒரு சிக்கலை அமைத்துப் பார்ப்போம். 68 வயது முதியவர் வீட்டில் விழுந்துவிட்டார். இருமலும் மூச்சிரைப்பும் உண்டு. உடல் மெலிந்து வருகிறது. இரத்த அழுத்தத்திற்கும் உறக்கத்திற்கும் மாத்திரை உண்கிறார். ஏன் விழுந்தார்? கண்பார்வை குறைந்ததாலா? உறக்க மாத்திரையாலா? எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் தாழ்வதாலா? ஏன் மெலிகிறார்? காசநோயா, பல் இல்லாமையா, சமைத்துத் தர ஆளில்லாமையா? முதுமையில் கடும் தொற்றும் காய்ச்சலின்றி வரலாம்; மாரடைப்பும் நெஞ்சுவலியின்றி வரலாம். "வயதானால் அப்படித்தான்" என்று கூறி அனுப்பிவிடுவது மருத்துவம் ஆகாது.

இன்னும் ஒரு வினா எஞ்சியுள்ளது. "ஐயா, தாங்கள் என்ன தொழில் செய்தீர்கள்?" இத்தாலிய மருத்துவர் ராமசினி, நோயாளியிடம் தொழிலையும் கேட்க வேண்டுமென 1700இல் வெளியிட்ட நூலிலேயே வலியுறுத்தினார். நம் முதியவர் பீங்கான் தொழிலில் படிகக்கல் தூளைப் பல ஆண்டுகள் அள்ளியவர் என்று விடை வருமாயின், சிக்கலின் முகமே மாறிவிடும். சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாகும் சிலிக்கோசிஸ் என்னும் நோய், பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கும் மேலான உழைப்புக்குப் பின், வேலையை விட்ட பிறகும்கூட வெளிப்படும். அத்தழும்பை ஆற்றும் மருந்து இல்லை. காசநோயும் எளிதில் பற்றும். எக்ஸ்ரே படத்தில் இதனைக் காசநோய் என்றே மயங்குதலும் உண்டு. அம்மயக்கத்தால் தவறான சிகிச்சை ஒருபுறம். தொழில்நோய் எனச் சான்று கிடைக்காமல் இழப்பீடு கேட்கும் வழி அடைபடுதல் மறுபுறம். கேட்கப்படாத ஒரு கேள்வியால் ஓர் உழைப்பாளி இரண்டையும் இழக்கிறார்.

மாணவச் செல்வங்களே! தூசி படிந்த சட்டையோடு வீடு திரும்பிய தந்தையையும், இரவெல்லாம் இருமிய பாட்டனையும் கண்டு வளர்ந்தவர்கள் நீங்கள். அந்த அறிவு தாழ்வன்று. குழுவில் நீங்கள் முன்வைக்க வேண்டிய செல்வம். ஆங்கிலம் தடுமாறினும் வாய்மூடி இராதீர்கள். வெள்ளை அங்கி அணிந்த நாளில், எதிரே அமரும் முதியவரை "ஐயா", "அம்மா" என அழைத்து, அமரச் செய்து, அவர் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள். இக்கழகம் கால் நூற்றாண்டு உழைத்ததன் பயன் அந்தச் சில நிமிடங்களில் விளங்கும்.