முதியவர் அளந்த மழை

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



வானிலை அறிக்கை முழுவதும் பெரிய கருவிகளாலேயே உருவாகிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் வானிலை இயல் பயின்றபோது, முன்னறிவிப்பு அலுவலகம் ஒன்றில் ஊதியமின்றித் தொண்டு புரிந்தேன். தொலைபேசிச் செய்திகளைக் குறித்துக்கொள்வது என் வேலை. எச்சரிக்கை விடுக்கும் அதிகாரம் மாணவருக்கு இல்லை; அது முறையே.

காற்றின் வெப்பம், ஈரம், வேகம் ஆகியவற்றை அறியக் கருவி கட்டிய பலூனை நாள்தோறும் பறக்கவிடுவார்கள். நம் சென்னை மீனம்பாக்கத்திலும் விடுகிறார்கள். 30 கிலோமீட்டர் உயரம் வரை ஏறும் அந்தப் பலூன், வயலில் விழுந்த மழையைச் சொல்லாது. அதைச் சொல்பவர் ஊரில் இருப்பவரே. 1890-இல் ஏற்பட்ட ஒரு திட்டத்தின்படி, அங்கு ஆயிரக்கணக்கான குடிமக்கள் தொண்டாக மழையளந்து அனுப்புகின்றனர். அவர்களுள் உழவர் பலர்.

அவர்களது மழைமானியின் வாய் 8 அங்குலம். உட்குழாயின் பரப்போ அதில் பத்தில் ஒரு பங்குதான். ஆகவே ஓர் அங்குல மழை குழாயில் 10 அங்குலம் நிற்கும். அதற்கேற்பக் கோடிட்ட கோலால் அளப்பர். மழை 2 அங்குலத்தை மிஞ்சினால் குழாய் நிரம்பி வெளிக்கலத்தில் வழியும்.

ஒரு மாலை, கடும் இடிமழையின்போது, முதிய உழவர் ஒருவர் 3.10 அங்குலம் என்று அறிவித்தார். ரேடார் திரை அதில் பாதியும் காட்டவில்லை. சாதாரண அடிக்கோலை விட்டு அளந்துவிட்டார், உண்மையில் 0.31 தான் என்று நானே முடிவுசெய்து, கேள்விக்குறியிட்டு ஒதுக்கினேன். படித்தவன் என்ற செருக்கு, வேறென்ன சொல்வது?

பத்து நிமிடம் கழித்து மூத்த அலுவலர் அத்தாளைக் கண்டார். "அவரையே கேட்டீரா?" என்றார். நான் விழித்தேன். அவரே தொலைபேசியை எடுத்தார்.

"குழாய் நிரம்பிவிட்டது ஐயா. வழிந்ததையும் குழாயில் ஊற்றி அளந்து கூட்டினேன்" என்றார் உழவர்.

தொலைவு செல்லச் செல்ல ரேடார் கதிர் தரையைவிட்டு உயர்ந்துவிடும். மேகத்தின் அடியில் பெருகிய மழையை அது காணவில்லை. உடனே வெள்ள எச்சரிக்கை பறந்தது. அவ்வூர்ச் சாலையில் ஒரு தரைப்பாலம் உண்டு. வெள்ளம் அதன்மேல் ஏறுமுன் வழியை அடைத்துவிட்டார்கள். நான் வீணாக்கிய பத்து நிமிடத்தில் விபரீதம் நேராதது என் நற்பேறு.

பின்னர் அவர் இல்லத்துக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுத் தம் குறிப்பேட்டைக் காட்டினார். மழையில்லா நாளுக்கும் பூஜ்யம் எழுதியிருந்தார். எழுதாத நாள், மழையில்லாத நாளா, அளக்காத நாளா என்று பிறகு யாரறிவார்?

நம் நாட்டில் காலை 8.30 மணிக்கு அளவெடுப்பது முறை. உங்கள் பகுதியில் மழைமானி இருப்பின், அது மரத்தடியில் நிற்கிறதா, வெட்டவெளியில் நிற்கிறதா என்று நேரில் பாருங்கள். நம்முடையதைக் கண்ணாடி அளவியால் அளக்கிறோம். ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறேன், அருகில் வந்தால் பிரித்துக் காட்டுகிறேன்.