சட்டத்தோடு குற்றவியலும் படிக்கட்டும்
(பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கசிப்பு கேஸில் ஒருவருக்குத் தண்டப்பணம் போடுறாங்க. கட்ட வழியில்லாட்டி மறியல். செய்தது குற்றமா, தண்டனை என்ன என்று சொல்வது சட்டம். ஏன் அதில் இறங்கினார், மறியல் அவரைத் திருத்துமா என்று ஆராய்வது குற்றவியல். இரண்டும் படித்த பிள்ளை சட்டத்தரணியாக நின்றால், மறியலுக்குப் பதிலாக வேறு வழி கேட்கும். சிறு குற்றங்களுக்குச் சமுதாய வேலை கொடுக்க 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தில் இடமுண்டு.

கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களில் சட்டம் உண்டு. ஸ்ரீ ஜயவர்தனபுரவில் குற்றவியல் படித்துக்கொண்டே சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சையும் எழுதலாம்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். ஓ.எல். முடிஞ்சதும் பிள்ளையைக் கொழும்புக் கடைக்கு அனுப்பாதீங்க. ஏ.எல். படிக்க விடுங்க.