கப்பல் முழுகுவது கடவுள் செயலா?

(மதுரையில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



வைகையில் முழங்கால் அளவு தண்ணீர் வந்தாலே அதிசயமென்று பார்க்க ஓடுகிற மதுரைக்காரர்களாகிய நமக்குக் கப்பலைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். மதுரை, இராமநாதபுரம் பக்கத்து ஏழை ஜனங்கள் பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்கள் அல்லவா? தூத்துக்குடியில் ஏறிக் கொழும்புக்குப் போனார்கள். நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்குக்குப் போனார்கள். சென்னையில் ஏறி இரங்கூனுக்குப் போனார்கள். கடல் தாண்டினால் ஜாதி கெட்டுவிடும் என்று எழுதிவைத்த சாஸ்திரக்காரர்கள், கரையில் கிடந்து பட்டினியால் சாகிறவனுக்கு என்ன வழி என்று எழுதிவைக்கவில்லை. ஆகவே வயிறு சொன்ன வழியில் நம்மவர்கள் கப்பலேறினார்கள்.

அந்த வழியில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்லுகிறோம். 1902-ம் வருஷம் மே மாதம் 'கமோர்ட்டா' என்ற நீராவிக் கப்பல் சென்னையிலிருந்து இரங்கூனுக்குச் சென்றது. ஐராவதி ஆறு கடலில் விழும் இடத்துக்குப் பக்கத்தில் புயலில் அகப்பட்டு முழுகிற்று. பிரயாணிகள் 655 பேர், கப்பலாட்கள் 82 பேர், ஆக 737 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. இப்படிப்பட்ட சேதி ஊருக்கு வந்தால் நம்மவர்கள் என்ன சொல்லுவது வழக்கம்? "தலையெழுத்து, ஆண்டவன் கூப்பிட்டுக்கொண்டான்" என்பதுதானே!

சரி, ஆண்டவனை நம்பினவர்களையாவது ஆண்டவன் காப்பாற்றினானா என்று பார்ப்போம். 1887-ம் வருஷம் மே மாதம் 'சர் ஜான் லாரன்ஸ்' என்ற நீராவிக் கப்பல் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டது. அதில் இருந்தவர்கள் பூரி ஜகந்நாதரைத் தரிசிக்கப் போன யாத்திரைக்காரர்கள், பெரும்பாலும் பெண்கள். புயலில் கப்பல் போயிற்று. 700-க்கு மேற்பட்ட உயிர்களும் போயின. உலகத்துக்கே நாதர் என்று பெயர் வைத்துக்கொண்டவர், தம் வாசலைத் தேடிவந்த பெண்களுக்கு ஒரு பலகையைக்கூட மிதக்கவிடவில்லை. மாண்டவர்களை நினைத்துக் கல்கத்தா ஆற்றங்கரையில் கல் நாட்டினவர்கள் யார் தெரியுமா? அந்தச் சாமியைக் கும்பிடாத சில ஆங்கிலேயப் பெண்கள்!

புயல் மனிதன் உண்டாக்கியதல்ல. இதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் புயல் வருமென்று தெரிந்துகொள்வதும், கப்பலில் எத்தனை பேரை ஏற்றுவது, எத்தனை படகு வைப்பது என்பதும் மனிதன் காரியமா, அல்லவா? 1888-ம் வருஷம் நவம்பர் மாதம் குஜராத்துக் கரையோரம் 'வைதரணா' என்ற கப்பல் காணாமற் போயிற்று. மின்சார விளக்கு இருந்தபடியால் ஜனங்கள் அதை 'விஜ்லி' என்று அழைத்தார்கள். அதிலும் 700-க்கு மேற்பட்டவர்கள் போனார்கள். பிறகு விசாரித்ததில் தெரிந்தது என்ன? உயிர்காக்கும் படகும் போதாது, மிதவைச் சட்டையும் போதாது. விளக்குப் போடப் பணம் இருந்தது. படகுக்குப் பணம் இல்லை. இதுவா தலையெழுத்து?

தோழர்களே! தலையெழுத்து என்பது ஏழையின் அழுகை மாத்திரமல்ல, முதலாளியின் கேடயமுங்கூட. சரக்கேற்றிச் செல்லும் கப்பல்காரர், 'கடவுள் செயலால்' வந்த நஷ்டத்துக்குத் தாம் ஜவாப்தாரியல்ல என்று சொல்லித் தப்புவதற்கு ஆங்கிலச் சட்டத்திலேயே இடமுண்டு. லாபம் வந்தால் தன் சாமர்த்தியம். கப்பல் முழுகினால் கடவுள் செயல்! இந்தக் கடவுள் யாருக்குக் குமாஸ்தா வேலை பார்க்கிறார் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அங்கே சாமுவேல் பிளிம்சால் என்றொரு பார்லிமெண்டு மெம்பர் இருந்தார். உளுத்த கப்பலில் அளவுக்கு மீறிச் சுமையேற்றி, நிறைய இன்ஷ்யூரும் செய்து அனுப்புகிற முதலாளிகளை அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். அதன் பலனாக 1876-ல், கப்பல் இதற்குமேல் தண்ணீரில் அமிழக்கூடாது என்று அதன் பக்கத்தில் அடையாளம் போடும்படி சட்டம் வந்தது. ஆனால் அந்த அடையாளத்தை எந்த உயரத்தில் போடுவது என்பதை முதலாளியின் இஷ்டத்துக்கே விட்டுவிட்டார்கள்! 1890-ல் தான் அதையும் சட்டம் வரையறுத்தது. கப்பலுக்குக் காப்பு அந்த ஒரு கோடுதானே யொழிய, நெற்றியில் போடும் கோடுகள் அல்ல.

1912-ல் முழுகிய 'டைட்டானிக்' சங்கதி உங்களுக்குத் தெரிந்ததே. சுமார் 2,200 பேர் இருந்த கப்பலில் 1,178 பேருக்குத்தான் படகு. சட்டம் கேட்டதோ அதைவிடக் குறைவு. முதல் வகுப்புப் பெண்கள் 144 பேரில் மாண்டவர்கள் 4 பேர். மூன்றாம் வகுப்புப் பெண்கள் 165 பேரில் மாண்டவர்கள் 89 பேர். கடல் எல்லோருக்கும் ஒன்றே, டிக்கெட்டில்தான் வருணாச்சிரமம். கப்பலிலுள்ள எல்லோருக்கும் படகு வேண்டும் என்று பல தேசத்தார் கூடி ஒப்பந்தம் எழுதியது 1914-ல்.

நம் நாட்டில் 1864-ல் கல்கத்தாவைப் புயல் அழித்த பிறகு துறைமுகத்துக்கு எச்சரிக்கை செய்ய ஏற்பாடு நடந்தது. 1875-ல் வானிலை இலாகா ஏற்பட்டது. இன்று பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் மீனவர் கடலுக்குப் போவதை நிறுத்திக்கொள்ளுகிறார். அந்தக் கூண்டை ஏற்றுவது காற்றழுத்தத்தை அளந்தறியும் மனித அறிவேயாகும். எந்தக் கோயில் மணியும் புயலுக்கு முன்பாகத் தானே அடித்ததில்லை.

இதெல்லாம் பழங்கதை என்று எண்ணவேண்டாம். நம் வயலுக்குத் தண்ணீர் வருகிற அதே பெரியாற்று ஏரியில், தேக்கடியில், 2009-ம் வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி உல்லாசப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். அதற்கும் தலைவிதி என்றுதான் சிலர் சொன்னார்கள். விதி என்று சொன்ன இடத்தில் விசாரணை நின்றுபோகும். விசாரணை நின்ற இடத்தில் அடுத்த படகு கவிழும்.

ஆகவே தோழர்களே! நாம் வேண்டிக்கொள்வது ஒன்றுதான். படகில் ஏறுமுன் ஆட்களை எண்ணுங்கள். மிதவைச் சட்டை எங்கே என்று கேளுங்கள். "ஆண்டவன் இருக்கிறான், ஏறு" என்று எவனாவது சொல்லுவானேயானால், பெண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு உடனே கரைக்கு இறங்கிவிடுங்கள்.