பெட்டிக்குள் உறங்கும் காது கருவிகள்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், மருத்துவ உதவிக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

நம் மஹல்லாவில் ஒரு பெரியவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். ஜும்ஆ நாளில் முதல் வரிசையைத் தவறவிடாதவர். செவித்திறன் குறைந்தபோது, வெளிநாட்டில் பணிபுரியும் அவருடைய மகன் இரு காதுகளுக்கும் கருவி வாங்கிக் கொடுத்தார். ஓராண்டு கழிந்ததும், தொழுகை வரிசையில் நிற்கும்போது அந்தக் கருவி விசில் போல் ஒலிக்கத் தொடங்கியது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தனர். கூச்சமடைந்த பெரியவர் கருவியைக் கழற்றிவிட்டு வந்தார். பயான் விளங்காததால் கடைசி வரிசைக்குப் போனார். நாளடைவில் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்குவதையே நிறுத்திக்கொண்டார்.

நாம் அவர் இல்லத்திற்குச் சென்று விசாரித்தபோது, "மாமாவோட காது மிஷின் கெட்டுப் போச்சு, பீரோவுல வெச்சிருக்கோம்" என்று மருமகள் கூறினார். அதை வாங்கிச் சென்று செவித்திறன் நிபுணரிடம் காட்டினோம். கருவியில் எந்தப் பழுதும் இல்லை. கருவியையும் காதுக்குள் பொருந்தும் அச்சையும் இணைக்கின்ற டியூப், மஞ்சளித்து விறைத்து, அச்சினுள் நுழையும் இடத்தில் கீறல் விட்டிருந்தது. பத்து நிமிடத்தில் புது டியூப் மாற்றித் தந்தார். இந்தச் சிறு குழாய்க்காக அந்தப் பெரியவர் ஏழு மாதம் மனிதர் குரல் கேளாமல் இருந்திருக்கிறார். இன்று நாம் பேச வந்தது இந்தச் சிறு உறுப்புகளைப் பற்றித்தான்.

உலகில் 43 கோடிப் பேருக்குச் செவித்திறன் இழப்புக்கான மறுவாழ்வுச் சேவை தேவைப்படுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. கருவி கிடைக்காதவர்களின் துயரம் ஒருபுறம் இருக்க, கிடைத்த கருவியும் பெட்டிக்குள் உறங்குவது நாம் தவிர்க்கக்கூடிய துயரமாகும்.

கருவி ஒலிக்கவில்லை என்றால் முதலில் பேட்டரியைப் பார்க்க வேண்டும். காதுக்கருவியின் பட்டன் செல் காற்றை உள்வாங்கி இயங்குவது. அதன் மீதுள்ள வண்ணத் தாளை உரித்தபின் ஓரிரு நிமிடம் காற்றில் வைத்துவிட்டுப் பொருத்தினால் முழு வலிமையுடன் இயங்கும். ஒருமுறை தாளை உரித்துவிட்டால், பயன்படுத்தாவிட்டாலும் அது தீர்ந்துகொண்டே போகும். ஆகவே தேவைப்படும்போது மட்டுமே உரிக்க வேண்டும். தாளின் நிறமே அளவைச் சொல்லும்: மஞ்சள் என்றால் 10, பழுப்பு என்றால் 312, ஆரஞ்சு என்றால் 13, நீலம் என்றால் 675. கைக்கடிகார செல் உருவத்தில் ஒத்திருந்தாலும் அதைப் போடலாகாது. இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து வைத்தால் உள்ளிருக்கும் ஈரமும் வெளியேறும். சார்ஜ் செய்யும் கருவியாயின், அதன் உலோக முனைகளை உலர்ந்த துணியால் துடைத்து வைத்தால் போதும்.

பேட்டரி புதிது, ஆயினும் ஒலி இல்லை. அப்போது கருவியை இயக்கி, உள்ளங்கையில் வைத்து மூடிப் பாருங்கள். விசில் ஒலி எழுந்தால் கருவி உயிரோடிருக்கிறது என்று பொருள். ஒலி மிக மெலிந்தோ, இல்லாமலோ போனால், பெரும்பாலும் ஒலி வெளிவரும் வாயைக் குறும்பி அடைத்திருக்கும்.

இந்தக் குறும்பியைத் தடுப்பதற்கென்றே, ஒலிபெருக்கி காதுக்குள் அமையும் கருவிகளில் வெண்ணிறத்தில் ஒரு சிறு வடிகட்டி இருக்கும். கடைகளில் அதை வாக்ஸ் கார்டு என்பர். அதனுடன் தரப்படும் சிறு குச்சியின் ஒரு முனை பழையதைப் பிடுங்கும். மறுமுனையில் புதியது இருக்கும். சிலர் ஊக்கு முனையால் அதைக் குத்திச் சுத்தம் செய்கின்றனர். அது உள்ளிருக்கும் ஒலிபெருக்கியையே கிழித்துவிடும். சில ரூபாயில் முடியும் வேலை ஆயிரக்கணக்கில் போய் நிற்கும். ஒரு கம்பெனியின் வடிகட்டி மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஓட்டிகானின் புரோவாக்ஸ் வேறு, போனாக்கின் செருஸ்டாப் வேறு, வைடெக்ஸின் நானோகேர் வேறு.

அடுத்தது, காதுக்குள் செல்லும் டோம் என்னும் மென்மையான குமிழ். இதில் துளைகளுள்ள திறந்த வகை, மூடிய வகை, இரட்டை அடுக்குள்ள பவர் வகை என்று உண்டு. தாழ்ந்த சுருதி ஒலிகள் இயல்பாகவே கேட்கும் காதுக்குத் திறந்த வகை. இழப்பு மிகுந்த காதுக்கு மூடிய வகை. விசில் அடிக்கிறதே என்று நாமாகவே வகையை மாற்றினால், சொந்தக் குரலே குடத்துக்குள்ளிருந்து வருவது போல் ஒலிக்கும். நிபுணர் அமைத்துத் தந்த ஒலி அளவுகளும் பொருந்தாமல் போகும். ஆகவே டோம் வாங்கச் செல்வோர் பழையதையே கையில் கொண்டுபோக வேண்டும். கருவியின் பெயர், மாதிரி எண், குமிழின் வகை, மில்லிமீட்டர் அளவு ஆகிய நான்கும் ஒத்திருக்க வேண்டும். கருவியில் சிவப்புக் குறி வலது காதுக்கு, நீலக் குறி இடது காதுக்கு என்பதையும் நினைவிற்கொள்க. பொருத்தியபின் மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். தளர்ந்த டோம் காதுக்குள்ளேயே தங்கிவிடும். அப்படித் தங்கினால் தோண்டி எடுக்க முயலாமல், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்வதே முறை.

விசில் ஒலிக்கும் காரணம் எளிது. காதுக்குள் போக வேண்டிய ஒலி இடைவெளி வழியே கசிந்து, கருவியின் மைக்கை அடைந்து, மீண்டும் பெருக்கப்படுகிறது. அச்சு தளர்ந்திருக்கலாம், டியூப் விறைத்திருக்கலாம், காதில் குறும்பி நிறைந்திருக்கலாம். டியூபை மூன்று முதல் ஆறு மாதங்களுக்கொருமுறை மாற்றிவிடுவது நல்லது. பிள்ளைகளுக்கோ காது வளர வளர அச்சையே புதிதாக எடுக்க வேண்டும். சட்டைப் பையில் வைக்கும் கருவியாயின், வயர் உள்ளே அறுந்திருக்கிறதா என்று அசைத்துப் பாருங்கள். ஒலி விட்டுவிட்டு வந்தால் வயரை மாற்றினால் போதும்.

நமது ஊர் கடற்கரையை ஒட்டியது. ஈரமும் உப்புக் காற்றும் கருவிக்குப் பகை. ஒளு செய்யுமுன் கருவியைக் கழற்றி ஒரு சிறு டப்பாவில் வைத்துவிட்டு, காதை நன்கு துடைத்து உலர்த்திய பின்னரே மீண்டும் அணிய வேண்டும். இரவில் சிலிக்கா ஜெல் உள்ள மூடிய டப்பாவில் வைப்பது சாலச் சிறந்தது. காதில் எண்ணெய் விடும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். தலையெண்ணெய், பவுடர், அத்தர் ஆகியவற்றைப் பூசி முடித்த பின்பே கருவியை அணிய வேண்டும். அச்சை மட்டும் கருவியிலிருந்து பிரித்து, இளஞ்சூடான சோப்பு நீரில் கழுவி, டியூபில் நீர்த்துளி நில்லாமல் ஊதி உலர்த்தலாம். கருவியின் மீது தண்ணீர் படவே கூடாது.

தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை. கழற்றிய பட்டன் செல்லைப் பேரப்பிள்ளைகளின் கைக்கு எட்டும் இடத்தில் போடாதீர்கள். குழந்தை விழுங்கிவிட்டதாக ஐயம் எழுந்தாலும் வாந்தி எடுக்க வைக்காமல், உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

இந்தப் பொதுக்குழுவின் முன் நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. ஜமாஅத் அலுவலகத்தில் ஒரு சிறு பெட்டி வைக்க அனுமதி வேண்டும். அதில் நான்கு அளவு பேட்டரிகளும், சுத்தம் செய்யும் தூரிகையும், டியூபில் காற்று ஊதும் ரப்பர் பந்தும், உலர்த்தும் டப்பாக்களும் இருக்கும். மாதம் ஒரு நாள் அஸருக்குப் பின் நம் இளைஞர் இருவர் அமர்ந்து, கருவி கொண்டு வருவோருக்கு உதவுவர். தம்மால் இயலாததை நிபுணரிடம் கொண்டு செல்வர். வாங்க வசதியில்லாதோர்க்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கவும் துணைநிற்பர்.

அந்தப் பெரியவர் இப்போது முதல் வரிசைக்குத் திரும்பிவிட்டார். இன்று இந்தக் கூட்டத்திலும் அமர்ந்து, நாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். உங்கள் வீட்டுப் பீரோவிலும் ஒரு கருவி உறங்கிக்கொண்டிருந்தால், இன்றிரவே எடுத்துப் பாருங்கள். அதைக் குப்பையில் எறியுமுன் நம்மிடம் ஒருமுறை காட்டுங்கள்.